மெல்லிய கையெழுத்து எழுத்துரு: அழைப்பிதழில் எங்கே, எவ்வளவு?

கேள்வி: மகளின் திருமண அழைப்பிதழில் ஆங்கிலப் பக்கம் முழுவதையும் 'கிரேட் வைப்ஸ்' எழுத்துருவில் அமைத்தோம். கணினியில் அழகாக இருந்தது. மாதிரி அச்சில் மெல்லிய கோடுகள் அங்கங்கே விட்டுப்போயிருக்கின்றன, முகவரியைப் படிக்கவே முடியவில்லை. அரக்கு நிறம், சொரசொரப்பான தாள். எழுத்துருவை மாற்றிவிடலாமா?

பதில்: முழுக்க மாற்ற வேண்டாம். மணமக்களின் பெயர் இரண்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முகவரி, நேரம், பெற்றோர் பெயர் எல்லாம் சாதாரண நேர் எழுத்துக்குப் போகட்டும்.

இந்த வகை எழுத்து கூர்முனைப் பேனாவில் பிறந்தது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும், மேலே ஏற்றும்போது மயிரிழையாகும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார்கள், மயிரிழையும் தாளில் நின்றது. இன்றைய ஆஃப்செட் அச்சில் உங்கள் அரக்கு நிறம் பல வண்ணப் புள்ளிகள் சேர்ந்து உருவாகிறது. மாதிரியை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: தடித்த இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், மயிரிழையில் ஓரம் ரம்பப் பல் மாதிரி பிசிறடித்து, நடுவில் அறுந்திருக்கும். சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் மை சரியாகப் படியாததும் சேர்ந்துகொள்கிறது.

அதனால் அரக்கைப் புள்ளிகளாகச் சேர்க்காமல், முன்பே கலந்த தனி மையாக அடிக்கச் சொல்லுங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் 100 சதவீதக் கறுப்பு போதும். பெயர்களை 36 பாயின்ட்டுக்குக் குறைக்காதீர்கள். அப்படியும் மெலிந்து தெரிந்தால், கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அதே நிறத்தில் 0.25 பாயின்ட் அவுட்லைன் (ஓரக்கோடு) கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் சின்னச் சுழிகள் அடைபட்டுவிடும். அச்சகத்துக்கு ஜேபெக் அனுப்பாமல் பிடிஎஃப் அனுப்புங்கள்.

அப்புறம், எழுத்துகளுக்கு இடையில் கூடுதல் இடைவெளி விடவே கூடாது. ஓர் எழுத்தின் வால் அடுத்ததைத் தொடுவதில்தான் இதன் அழகே இருக்கிறது. பட்டங்களையும் இதில் போடாதீர்கள். இதன் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் சிறிய எழுத்துகளுக்கு முன்னால் தனியாக நிற்கவென்று வரையப்பட்டது. 'எம்.பி.ஏ.' என்று மூன்றை வரிசையாக நிறுத்தினால் சுழிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நம் அழைப்பிதழில் பட்டம் இல்லாமல் பெயர் வராது என்பதால், பெயருக்குக் கீழே சிறிய நேர் எழுத்தில் அதைத் தந்துவிடுங்கள். இனிஷியலையும் பெயரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு இந்த எழுத்துரு உதவாது, இதில் தமிழ் எழுத்துகளே இல்லை. வேறொரு தமிழ் எழுத்தைக் கணினியில் வலுக்கட்டாயமாகச் சாய்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், வளைவுகள் கோணிவிடும். இயல்பாகவே சாய்ந்த கையெழுத்து வேண்டுமென்றால் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் பெயர்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மொத்தமாக அடிக்கும் முன், அதே தாளில், அதே மையில் இன்னொரு மாதிரி கேட்டு வாங்குங்கள்.