கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி நர்ஸ், 2022 ஜூலையில் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் லண்டன் வந்தார். நீங்களும் மகளும் ஆகஸ்டில் வந்தீர்கள். மகள் இயர் 9-இல் சேர்ந்து, 2025-இல் ஜி.சி.எஸ்.இ. (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) முடித்து, இப்போது அரசுப் பள்ளியில் இயர் 12. கணக்கிலும் அறிவியலிலும் 8, 9 (9-தான் உச்சம்). ஆங்கிலத்தில் 6. ஏ லெவலுக்கு (இங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு) மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், பிசிக்ஸ். கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஆசிரியர் "கிடைக்காவிட்டால் மனசு உடைந்துவிடக் கூடாது" என்கிறார். சொந்தக்காரர்கள் "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்கிறார்கள். விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவான விண்ணப்பத் தளமான யூகாஸில் ஒரு விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் போடலாம், ஐந்துக்கும் சேர்த்துச் சுமார் 30 பவுண்டு. அதில் ஒன்றை கேம்பிரிட்ஜுக்குக் கொடுத்தால் மற்ற நான்கும் அப்படியே இருக்கும். ஒன்றே ஒன்று, ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சேர்த்துப் போட முடியாது. ஆனால் நீங்கள் எல்லோரும் கவலைப்படும் இடம் வேறு, நிஜமாகக் கால் இடறப்போகும் இடம் வேறு. பள்ளியின் பெயரை விட உங்கள் வீட்டு விசா தேதிதான் எனக்குக் கவலை தருகிறது.

கட்டண நிலையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் "ஹோம்" மாணவராகக் கணக்கில் வந்தால் கல்விக் கட்டணம் 2025-26-இல் 9,535 பவுண்டு. அதற்கு அரசுக் கடனும் உண்டு, கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. "ஓவர்சீஸ்" என்று வந்துவிட்டால் கேம்பிரிட்ஜ் இன்ஜினியரிங்குக்கு ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல், அதன் மேல் கல்லூரிக் கட்டணம் (கேம்பிரிட்ஜ் பல கல்லூரிகள் சேர்ந்தது, மாணவர் அதில் ஒன்றில் சேர்வார்) தனியாகச் சுமார் 10,000. கடன் கிடையாது. படிப்பு நான்கு ஆண்டு. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போல வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஹோம் நிலை வர இரண்டு நிபந்தனை. மூன்று ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், அது உங்களுக்குப் பிரச்சினையில்லை. படிப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளில் ஐ.எல்.ஆர்., அதாவது காலவரம்பில்லாமல் இங்கே தங்கும் அனுமதி, கையில் இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் தொடங்கும் படிப்புகளுக்கு அந்த முதல் நாள் செப்டம்பர் 1. வகுப்பு அக்டோபரில் தொடங்கினாலும் அதுதான் தேதி. உங்கள் மகளுக்கு அது 2027 செப்டம்பர் 1. செப்டம்பர் 10-ஆம் தேதி ஐ.எல்.ஆர். வந்தால் அந்தப் படிப்பு முடியும்வரை ஓவர்சீஸ்தான், நடுவில் மாற்ற மாட்டார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. வேலை விசாவில் ஐந்தாண்டு இருந்தால் ஐ.எல்.ஆர். கேட்கலாம் என்ற விதிப்படி மனைவிக்கு 2027 ஜூலையில் முடிகிறது. உங்களுக்கு ஆகஸ்டில். மகளுக்குத் தனியாக ஐந்தாண்டு தேவையில்லை, ஆனால் பெற்றோர் இருவரும் ஐ.எல்.ஆர். பெற்றிருக்க வேண்டும், அல்லது கூடவே பெற வேண்டும். ஆக, மகளின் தேதி மனைவியுடையது அல்ல, உங்களுடையது. பலர் தவறவிடும் இடம் இது. கணவர் நான்கு மாதம் தள்ளி வந்த வீடுகளில் பிள்ளையின் கட்டண நிலையே கவிழ்ந்துவிடும். நீங்கள் ஒரு மாதம்தான் தள்ளி வந்தீர்கள், தப்பிக்க வழி இருக்கிறது. ஐந்தாண்டு முடிவதற்கு 28 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அதாவது நீங்கள் வந்த தேதியைப் பொறுத்து ஜூலையிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ. சாதாரண வழியில் முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அவசர வழியில், ஆளுக்குச் சுமார் 1,000 பவுண்டு கூடுதலாகக் கட்டினால், கைரேகை கொடுத்த மறு வேலைநாளில் பெரும்பாலும் முடிவு வந்துவிடும். அந்தப் பணத்தை இப்போதே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. ஐ.எல்.ஆர். போடும் நாளில் மகளுக்கு 18 முடிந்திருந்தால் அவளும் லைஃப் இன் தி யூகே (இந்த நாட்டு வரலாறு, வாழ்க்கை முறை பற்றிய) தேர்வு எழுதியிருக்க வேண்டும். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக வேண்டும், கட்டணம் 50 பவுண்டு. கஷ்டமில்லை. ஆனால் ஏ லெவல் தேர்வுகள் முடிந்த களைப்பில் ஜூலையில் இடம் தேடி அலையக் கூடாது. 2026 கிறிஸ்துமஸ் விடுமுறையில் முடித்துவிடட்டும், அந்தச் சான்று காலாவதி ஆகாது.

இத்தனையும் ஐந்தாண்டு விதி நிலைத்தால்தான். அதைப் பத்தாண்டாக்கும் எண்ணத்தை அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. எனவே உங்கள் விசா வகைக்கு இன்றைய விதி என்ன என்பதைப் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரிடம் பணம் கொடுத்தே கேளுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்காதீர்கள். கட்டண நிலை பற்றி, வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் யூகேசிசா என்ற அமைப்பின் தளத்தில் வகை வகையாக விளக்கியிருக்கிறார்கள். அகதி நிலை பெற்றவர்களுக்கு விதி வேறு, இன்னும் எளிது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அந்தப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருவர்கூடப் போகாத பள்ளியில் அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கேம்பிரிட்ஜுக்கு மொத்தமாக ஆறேழு பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது, இன்ஜினியரிங் அதைவிடக் கடினம். உள்நாட்டு மாணவர்களில் பத்துக்கு ஏழு பேர் அரசுப் பள்ளியிலிருந்து வருபவர்கள். இதைக் கேட்டு ரொம்பவும் குளிர்ந்துவிட வேண்டாம், அதில் நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் கிராமர் பள்ளிகளும் அடக்கம். "பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்பது பொய். "யார் வேண்டுமானாலும் போகலாம்" என்பதும் பொய்.

ஆசிரியரிடம் "என் மகளுக்குக் கிடைக்குமா" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரால் ஆறுதல்தான் சொல்ல முடியும். "எந்த மதிப்பெண்ணை யூகாஸில் கணித்து எழுதுவீர்கள், அதை எந்தத் தேர்வை வைத்து முடிவு செய்வீர்கள்" என்று கேளுங்கள். கேம்பிரிட்ஜ் இன்ஜினியரிங் வழக்கமாகக் கேட்பது இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏ-வும். பள்ளி அதற்குக் கீழே கணித்தால் மற்ற எதுவும் காப்பாற்றுவது கடினம். பெரும்பாலான பள்ளிகளில் இது இயர் 12 முடியும்போது ஜூன், ஜூலையில் நடக்கும் உள்தேர்வில் முடிவாகிறது. ஆகவே மகளின் முதல் பெரிய தேர்வு அக்டோபரில் இல்லை, இந்த ஜூனில்.

பிறகு ஈசாட், அக்டோபரில் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு. ஊரில் ஜே.இ.இ. என்றால் ஒரே தேர்வு, ஒரே ரேங்க், கதை முடிந்தது. இங்கே அப்படியில்லை. தேர்வு, பள்ளிக் கடிதம், நேர்காணல், பள்ளியின் பின்னணி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். ஆனாலும் ஈசாட் மோசமானால் நேர்காணலுக்கே அழைப்பு வராமல் போகலாம். இன்ஜினியரிங்குக்கு மேத்ஸ் 1, மேத்ஸ் 2, பிசிக்ஸ் என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 40 நிமிடம், கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் ஒன்றையும் காலியாக விடக் கூடாது. கால்குலேட்டர் கிடையாது.

அந்தக் கடைசி விதிதான் இங்கே பிறந்து வளர்ந்த பல பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. உங்கள் மகளுக்கு அதுவே சாதகம். எட்டாம் வகுப்புவரை ஊரில் கையால் வகுத்தல், பின்னம், வர்க்கமூலம் என்று போட்டுப் பழகியவள். மூன்று ஆண்டாகக் கால்குலேட்டரைத் தட்டி மழுங்கியிருக்கும், ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும். பாடமும் புதிதல்ல, பெரும்பாலும் ஜி.சி.எஸ்.இ.-யும் ஏ லெவல் முதல் ஆண்டும்தான். வேகம்தான் சோதனை. பழைய இ.என்.ஜி.ஏ.ஏ., என்.எஸ்.ஏ.ஏ. வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஈசாட்டுக்கு முந்தைய தேர்வுகள் அவை. ஐசக் பிசிக்ஸ் தளம் (இப்போது ஐசக் சயன்ஸ்) கேம்பிரிட்ஜ்காரர்களே நடத்துவது, அதுவும் இலவசம். ஆகஸ்டில் வாரம் இரண்டு தாள், கடிகாரம் வைத்து. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதட்டும்: தெரியாததா, அவசரமா, கேள்வியைத் தப்பாகப் படித்ததா. மூன்றாவதுதான் அதிகம் இருக்கும், பாருங்கள்.

பதிவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். யூகாஸில் கேம்பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தால் ஈசாட் தானாகப் பதிவாகிவிடாது. தேர்வு மையங்களை நடத்தும் பியர்சன் வியூ வழியாக மாணவியே தனியாக இடம் பிடிக்க வேண்டும், செப்டம்பர் கடைசிக்குள் கதவு மூடிவிடும். ஜனவரியிலும் ஒரு சுற்று உண்டு, ஆனால் கேம்பிரிட்ஜ் ஏற்பது அக்டோபர் சுற்றை மட்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும். யூகாஸுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, மாலை 6 மணி. பள்ளி தன் கடிதம் எழுத வேண்டுமே, அதனால் உள்ளே வேறு தேதி வைத்திருப்பார்கள், செப்டம்பரிலேயே இருக்கும். யூகாஸ் அனுப்பிய பிறகு கேம்பிரிட்ஜ் தனியாக ஒரு படிவம் அனுப்பும், ஒரு வாரம்போலத்தான் அவகாசம். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் போய் உட்காரும்.

பள்ளிக் கடிதத்தில் மாணவரின் சிறப்புச் சூழ்நிலைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இயர் 9-இல் வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்ததை ஆசிரியர் அங்கே இரண்டு வரி எழுத வேண்டும். எழுதச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும். கெஞ்சுவதாக நினைக்காதீர்கள், அந்தப் பகுதி இருப்பதே அதற்குத்தான். ஆங்கிலத்தில் வந்த 6-ஐ அந்த வரியோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்.

மாணவர் எழுதும் பகுதி இப்போது கட்டுரை அல்ல, மூன்று கேள்வி. ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயார் செய்தது, வெளியே வேறென்ன செய்தாய். மொத்தம் 4,000 எழுத்துக்குறி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. நம் வீடுகளில் சான்றிதழ்க் கோப்பு முழுவதையும் இதில் கொட்டிவிடுவார்கள். பரதநாட்டிய அரங்கேற்றம், தமிழ்ப்பள்ளி, கராத்தே எல்லாம் மூன்றாவது கேள்வியில் இரண்டு வரி போதும். முதல் கேள்வியில், அவள் உண்மையிலேயே பிரித்துப் பார்த்த ஒரு பொருளோ, போட்டுத் தோற்ற ஒரு கணக்கோ இருந்தால் அதுவே பேசும். எழுதியதைத்தான் நேர்காணலில் தோண்டுவார்கள், படிக்காத புத்தகத்தின் பெயரை எழுதக் கூடாது.

நேர்காணல் டிசம்பரில், பெரும்பாலும் இணையவழி. ஒரு மாதிரி சொல்கிறேன், இதே கேள்வி வரும் என்று அல்ல. குளத்தில் படகு, படகில் ஓர் இரும்புக் குண்டு. அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் குளத்தின் மட்டம் ஏறுமா, இறங்குமா? இறங்கும். படகில் இருந்தபோது குண்டு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கியது, மூழ்கியபின் தன் பருமனளவு மட்டுமே. சரியாகச் சொன்னதும் விட்டுவிட மாட்டார்கள். குண்டைக் கயிற்றில் கட்டிப் படகின் அடியில் தொங்கவிட்டால்? இப்போதும் படகுதான் அதைத் தாங்குகிறது, மட்டம் மாறாது. இப்படி ஒவ்வொரு படியாகத் திருப்புவார்கள். முதலில் தப்பாகச் சொல்லி, குறிப்பைக் கேட்டுத் திருத்திக்கொண்டவருக்கு இடம் கிடைக்கும். நம் பிள்ளைகள் தோற்பது விடை தெரியாததால் அல்ல. ஆசிரியர் முன்னால் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று இரண்டு நிமிடம் வாய்மூடி உட்கார்ந்திருப்பதால். இதற்குப் பயிற்சி வீட்டிலேயே தரலாம். கணக்குப் போடும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து "ஏன்" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் வாங்கும் பயிற்சி நிறுவனங்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன.

முடிவு ஜனவரியில். ஒரு கல்லூரி "பூலில் போட்டிருக்கிறோம்" என்றால் மறுப்பு என்று அழ வேண்டாம். நல்ல விண்ணப்பம், எங்களிடம் இடமில்லை, மற்றக் கல்லூரிகள் பார்க்கட்டும் என்று பொருள். விண்ணப்பித்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அதில் போகிறார்கள், ஒரு பகுதியினருக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைக்கிறது. எந்தக் கல்லூரி என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் இதனால்தான்.

மற்ற நான்கு இடங்களில் ஒன்றை லண்டனில் உள்ள இம்பீரியல் கல்லூரிக்குக் கொடுங்கள், அங்கும் பல இன்ஜினியரிங் துறைகள் இதே ஈசாட்டைத்தான் பார்க்கின்றன. இரண்டு நடுத்தரம். ஒன்று கட்டாயம் கீழே, ஏ ஏ பி அல்லது அதற்கும் குறைவாகக் கேட்கும் இடமாக இருக்கட்டும். ஐ.எல்.ஆர். நேரத்துக்கு வராது என்று தெரிந்தால் இந்த ஐந்துமே ஓவர்சீஸ் கட்டணம்தான் கேட்கும். அதனால் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் ஒன்றிரண்டுக்கும் அந்தக் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்கட்டும். ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே சம்பளத்தோடு பட்டம், கட்டணம் கிடையாது. அதற்கான அரசு நிதிக்கு ஐ.எல்.ஆர். தேவையில்லை, வேலை செய்ய அனுமதியுள்ள விசாவும் மூன்று ஆண்டு வசிப்பும் போதும். ஆனால் நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு விசா நிபந்தனை வைப்பதுண்டு, விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களிடம் ஜனவரிவரை எதுவும் சொல்லாதீர்கள். விண்ணப்பித்தது தெரிந்தால் மறுநாளே "கேம்பிரிட்ஜ் கிடைச்சிடுச்சாமே" என்று செய்தி சென்னை வரைக்கும் போய்விடும். பதினேழு வயசுப் பெண் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். கட்டண நிலைப் படிவம் வந்ததும் உங்கள் இருவரின் பழைய பி.ஆர்.பி. (விசா) அட்டை நகல், இ-விசா பக்கம், இங்கே நுழைந்த தேதிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்படி இன்றே தொடங்குங்கள். ஆகஸ்டில் நீங்கள் வந்த தேதி சரியாக என்ன என்று எனக்கு எழுதுங்கள். 28 நாளை எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.