இரண்டு கிட்டார், ஒரே பெடல்: ஒய் கேபிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள்

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மெலடிப் பாடல்களுக்கு அக்கூஸ்டிக், வேகமான பாடல்களுக்கு எலெக்ட்ரிக். என்னிடம் இருப்பது ஒரே ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் (கிட்டார் ஒலியைப் பல விதமாக மாற்றும், காலால் இயக்கும் கருவி). அதில் கிட்டார் செருக ஒரே ஒரு துளைதான். கேபிளைப் பிடுங்கி மாற்றும்போதெல்லாம் ஸ்பீக்கர் வெடிப்பதுபோல் சத்தம் வருகிறது. ஒய் கேபிள் போதும் என்கிறார் கடைக்காரர். நிகழ்ச்சி பிடித்துத் தருபவரோ அக்கூஸ்டிக்குக்குத் தனிப் பெடல் வேண்டும், தானே வாங்கித் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
நாகர்கோவில் வாசகர்

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் பெடலே போதும்.

முதலில் ஒய் கேபிள். அது இரண்டு கிட்டாரையும் ஒரே கம்பியில் முடிச்சுப் போடுகிறது. எலெக்ட்ரிக்கைத் தாங்கியில் வைத்து அதன் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால், கையில் இருக்கும் அக்கூஸ்டிக்கும் ஊமையாகிவிடும். பெரும்பாலான எலெக்ட்ரிக் கிட்டார்களில் வால்யூமை முழுதாகக் குறைத்தால் சிக்னல் கம்பி நேராக எர்த்தோடு சேர்ந்துவிடும் என்பதே காரணம். வால்யூமைத் திறந்தே வைத்தாலும் தப்பிக்க முடியாது. அக்கூஸ்டிக்குள் இருக்கும் பிரிஆம்ப் (சிக்னலை முதலில் வலுப்படுத்தும் சிறு சுற்று), எலெக்ட்ரிக்கின் மெல்லிய சிக்னலை விழுங்கிவிடும். இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேபிளோடு என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

நீங்கள் வாங்க வேண்டியது ஏ-பி சுவிட்ச். காலால் அழுத்தினால் ஒரு கிட்டாரைத் துண்டித்து மற்றதை இணைக்கும். சாதாரண வகையே போதும். அதில் பேட்டரி போடுவது பெரும்பாலும் விளக்குக்காகத்தான், பேட்டரி தீர்ந்தாலும் சிக்னல் தடையின்றிக் கடந்து போகும். ஒன்று அக்கூஸ்டிக்குக்கு, ஒன்று எலெக்ட்ரிக்குக்கு என்று பெடலில் இரண்டு பிரீசெட் (சேமித்து வைக்கும் அமைப்பு) செய்துகொள்ளுங்கள்.

அதையும் வாங்குவதற்கு முன் பெடலின் பின்பக்கத்தைப் பாருங்கள். செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருந்தால் செலவே இல்லை. எலெக்ட்ரிக்கை வழக்கமான துளையிலும் அக்கூஸ்டிக்கை ரிட்டர்னிலும் செருகுங்கள். பெடலுக்குள் எஃபெக்ட்ஸ் லூப் என்னும் கட்டத்தை ஆம்ப், கேபினட் கட்டங்களுக்குப் (ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் நகல் செய்பவை) பின்னாலும் ரிவெர்புக்கு (எதிரொலி எஃபெக்ட்) முன்னாலும் நகர்த்தி, அதன் மிக்ஸை நூறு சதவீதத்தில் வையுங்கள். லூப்பை அணைத்தால் எலெக்ட்ரிக் கேட்கும், போட்டால் அக்கூஸ்டிக் கேட்கும். ஒரே மிதியில் வேலை முடிந்தது.

அக்கூஸ்டிக்கை ஏன் ஆம்ப், கேபினட் கட்டங்களுக்குப் பின்னால் விட வேண்டும்? எலெக்ட்ரிக் கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். கேபினட் கட்டம் அதைத்தான் நகல் செய்கிறது. அக்கூஸ்டிக்கின் மினுமினுப்போ அதற்கு மேலேதான் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் விட்டால் போர்வை போர்த்திய சத்தம்தான் வரும். ஏ-பி சுவிட்ச் வைத்திருந்தால் அக்கூஸ்டிக் பிரீசெட்டில் ஆம்ப், கேபினட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நாய்ஸ் கேட்டையும் (மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் எஃபெக்ட்) அணையுங்கள். தந்தி அடங்கும் அழகை அது பாதியில் வெட்டிவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் அக்கூஸ்டிக்கின் பக்கவாட்டில் குமிழ்களும் 9 வோல்ட் பேட்டரியும் இருக்கின்றனவா? இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். எதுவுமே இல்லாமல், அடியில் வார் மாட்டும் இடத்தில் ஒரு துளை மட்டும் இருக்கிறதா? அல்லது மேல்பலகையில் ஒட்டும் வில்லை போன்ற பிக்கப்பா? அப்படியானால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பிரிஆம்ப் இல்லாத வெறும் பீசோ (அதிர்வை மின் சிக்னலாக்கும் சில்லு). பீசோ ஒரு சிறு கெப்பாசிட்டர் போன்றது. சிக்னலை வாங்கும் கருவியின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு) குறைவாக இருந்தால் அடிநாதம் முழுவதும் கரைந்து, தகர டப்பாவைத் தட்டியதுபோல் கேட்கும். ரிட்டர்ன் துளையின் மின்மறுப்பு பல பெடல்களில் மிகக் குறைவு. அதில் செருகவே கூடாது. எலெக்ட்ரிக்குக்குத் தாராளமான 1 மெகாஓம்கூட இதற்குப் போதாமல் போகலாம். தடித்த ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; அதுவரை முழுமையாகக் கேட்க 10 மெகாஓம் அளவுள்ள பிரிஆம்ப் ஒன்றைக் கிட்டாருக்குப் பக்கத்திலேயே, குட்டைக் கேபிளில் வைக்க வேண்டும். அதிலிருந்து வருவதைப் பிறகு எங்கே வேண்டுமானாலும் செருகலாம். கிட்டார் சரியில்லை, புதிது வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சோதியுங்கள். நல்ல மரத்தில் செய்த கிட்டாரை இந்த ஒரு காரணத்துக்காக அடிமாட்டு விலைக்கு விற்றவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

மிக்சருக்கு இரண்டு கம்பிகளாகப் போங்கள். அக்கூஸ்டிக் முழுக்க இடது அவுட்டிலும் எலெக்ட்ரிக் முழுக்க வலது அவுட்டிலும் வரும்படி பெடலில் அமைத்து, மிக்சரில் இரண்டு சேனலையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே சேனலில் விட்டால், அக்கூஸ்டிக் ஊளையிடுகிறது என்று மைக்செட்காரர் 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டுவார். எலெக்ட்ரிக்கும் சேர்ந்து மெலிந்துபோகும். அவரையும் குறை சொல்ல முடியாது. இரவு எட்டு மணிக் கச்சேரிக்கு ஏழரைக்கு மேடையைத் திறந்துவிட்டு, பத்து நிமிடத்தில் ஒலிச் சோதனையை முடி என்றால் அவர் என்ன செய்வார்? டி.ஐ. பாக்ஸுக்கு (கிட்டார், பெடல் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வாடகை வாங்கிக்கொண்டு மேடையில் ஒன்றைக்கூட வைக்காத ஏற்பாட்டாளர்களை நானே சந்தித்திருக்கிறேன். முடிந்தால் இரண்டு டி.ஐ. பாக்ஸ்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் இரைச்சல் வந்தால் யாராவது ஓடிவந்து, பிளக்கின் தடித்த மூன்றாவது பின்னை உடைத்துவிடு என்பார். உடைக்காதீர்கள், யாரையும் உடைக்க விடாதீர்கள். அது எர்த். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. எர்த் கோளாறான மேடையில் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்டால் 230 வோல்ட் உடம்பு வழியாகப் பாயலாம். கோயில் திருவிழா ஒன்றில், ஜெனரேட்டருக்கு எர்த்தே போடாத மேடையில், எனக்கு உதட்டில் அடித்தது. மைக்கை விட்டு விலக முடிந்ததால் பிழைத்தேன். எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லியும் எர்த்துக்கு ஒரு கம்பி அடிப்பதை வீண்செலவாக நினைப்பவர்கள் மாறவில்லை. இரைச்சலுக்கு டி.ஐ. பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது ஒலிக் கம்பியின் உறையைத்தான் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. பெடலையும் ஆம்பையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்தால் பாதி இரைச்சல் அங்கேயே அடங்கிவிடும்.

இரண்டு கிட்டாரின் சத்த அளவையும் வீட்டிலேயே சமப்படுத்தி வையுங்கள். பேட்டரி உள்ள அக்கூஸ்டிக் பொதுவாக உரக்கப் பேசும். பெடலின் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் கிட்டாரிலேயே குறையுங்கள். கச்சேரி முடிந்ததும் அக்கூஸ்டிக்கிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள். செருகியே வைத்தால் 9 வோல்ட் பேட்டரி இரவு முழுக்கத் தீர்ந்துகொண்டிருக்கும்.