பூஞ்சை பூத்த திராட்சையும் இகெம் பண்ணையும்: கேள்வி பதில்

கேள்வி: பூஞ்சை பிடித்த திராட்சையிலிருந்துதான் உலகின் மிகச் சிறந்த இனிப்பு ஒயினைத் தயாரிக்கிறார்கள் என்று படித்தேன். கெட்டுப்போன பழம் எப்படி ஐயா பயன்படும்?

பதில்: நீங்கள் படித்தது பிரான்சின் போர்தோ நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், சோத்தேர்ன் வட்டாரத்தில் இருக்கும் ஷாத்தோ டிகெம் பண்ணையைப் பற்றியதாக இருக்க வேண்டும். சுருக்கமாக இகெம் என்பார்கள். அங்கே பழத்தைத் தாக்கும் பூஞ்சையின் பெயர் பொட்ரைட்டிஸ் சினேரியா. அது நன்கு பழுத்த திராட்சையின் தோலை ஊடுருவும்போது உள்ளிருக்கும் நீர் கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகிறது. பழம் சுருங்கிப் பழுப்பேறி, மேலே சாம்பல் தூவியதுபோல் ஆகிவிடும். பார்த்தால் குப்பையில் போடத்தான் தோன்றும். ஆனால் உள்ளே சர்க்கரை செறிந்திருக்கும். புளிப்பில் ஒரு பகுதியைப் பூஞ்சை தின்றிருக்கும். கிளிசரால் முதலிய புதிய பொருள்களும் உருவாகியிருக்கும். வெறுமனே வெயிலில் உலர்த்திய திராட்சைக்கு இந்த மணம் வராததற்குக் காரணம் இதுதான்.

இதே பூஞ்சை காயைத் தாக்கினாலோ, மழை விடாமல் பெய்தாலோ, குலை முழுவதும் அழுகிப்போகும். காலையில் ஈரமும் பிற்பகலில் வறண்ட வெயிலும் மாறிமாறி வந்தாக வேண்டும். காட்டு நிழலில் ஓடிவரும் சிரோன் என்ற சிற்றாறு குளிர்ந்த நீருடன் வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலப்பதால், இலையுதிர்காலக் காலைகளில் அங்கே மூடுபனி எழுகிறது. நண்பகலுக்குள் வெயிலும் காற்றும் அதைக் கலைத்துவிடுகின்றன. சோத்தேர்னின் பிழைப்பே இந்தப் பனியை நம்பித்தான் நடக்கிறது.

கேள்வி: நான் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். பழத்தின் நீர் எல்லாம் ஆவியாகிவிட்டால் விளைச்சல் என்னத்துக்கு ஆகும்?

பதில்: விவசாயிக்குத் தோன்ற வேண்டிய கேள்விதான். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்பது இகெமில் வழங்கும் கணக்கு. சோத்தேர்னில் ஹெக்டேருக்கு 2,500 லிட்டர் வரை எடுக்கச் சட்டம் அனுமதித்தாலும், இகெமின் சராசரி 900 லிட்டரை ஒட்டியே நிற்கிறது. ஏறத்தாழ 100 ஹெக்டேரில் பெரும்பகுதி செமியோன் ரகம், எஞ்சியது சோவிஞ்ஞோன் பிளாங்க். களிமண் மேட்டில் நீர் தேங்காதிருக்க, 19-ஆம் நூற்றாண்டில் நிலத்தடியில் ஏறத்தாழ 100 கி.மீ. நீளத்துக்கு வடிகால் குழாய்கள் பதித்தார்கள்.

செலவு முழுவதும் அறுவடையில்தான். ஒரே குலையில் ஒரு பழம் பதமாகவும் பக்கத்துப் பழம் பச்சையாகவும் இருக்கும். எனவே நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் சிறு கத்தரியுடன் இறங்கி, அன்றைக்குப் பதமான பழங்களை மட்டும் நறுக்கி எடுத்து, மற்றவற்றைக் கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். இப்படி ஐந்தாறு முறை அதே வரிசைக்குத் திரும்பி வர வேண்டும். சில ஆண்டுகளில் இது வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்.

கேள்வி: பண்ணை எசமானர் ரஷ்யாவிலிருந்து தாமதமாகத் திரும்பியதால் 1847-இல் பழம் பூஞ்சை பிடித்துவிட்டது, அப்படித்தான் இந்த ஒயின் பிறந்தது என்கிறார்களே?

பதில்: அழகான கதை, அவ்வளவுதான். ஜெர்மனியின் யோகனிஸ்பெர்க் பண்ணைக்கும் ஏறக்குறைய இதே கதை உண்டு. சோத்தேர்ன் வட்டாரத்தில் அக்டோபர் நடுப்பகுதிக்கு முன் அறுவடை செய்யும் வழக்கமில்லை என்பதை 1666-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றே தெரிவிக்கிறது. ரஷ்யத் தொடர்பு மட்டும் பொய்யில்லை: 1847-இன் ஒயினில் ஒரு தொன்னோவை, அதாவது 900 லிட்டரை, ரஷ்ய இளவரசர் கான்ஸ்டன்டைன் 1859-இல் 20,000 தங்க பிராங்க் கொடுத்து வாங்கினார்.

கேள்வி: பண்ணை யாருடையது? பிரெஞ்சுப் புரட்சியை எப்படித் தாண்டியது?

பதில்: 1593-இல் சோவாஜ் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1785-இல் அக்குடும்பத்தின் வாரிசான பிரான்சுவாஸ் ஜோசபீன், லூர்-சலூஸ் பிரபுவை மணந்தார். மூன்றே ஆண்டுகளில் கணவர் இறந்துவிட, இருபது வயதை ஒட்டிய அந்தப் பெண் பண்ணையைத் தாமே நடத்தத் தொடங்கினார். புரட்சிக்காலத்தில் இருமுறை சிறை சென்றும் நிலத்தை இழக்கவில்லை. 1826-இல் அங்கேயே பெரிய மதுக்கூடம் ஒன்றைக் கட்டினார். 1851-இல் மறையும்வரை இகெமின் பெயரைக் கட்டி எழுப்பியவர் அவர்தான். போர்தோ வட்டார ஒயின்களுக்கான 1855 தரவரிசையில் சோத்தேர்ன் பண்ணைகளுள் இகெமுக்கு மட்டும் எல்லோருக்கும் மேலான தனி நிலை கிடைத்ததற்கு நான் முதலில் அவரைத்தான் காரணமாகச் சொல்வேன். வழக்கமாகச் சொல்லப்படும், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சனை அல்ல. ஜெபர்சன் 1784 விளைச்சலில் 250 பாட்டில் வரவழைத்தார், பின்னர் அதிபர் வாஷிங்டனுக்காகவும் வாங்கினார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர் வாடிக்கையாளர் மட்டுமே.

1996-இல் எல்விஎம்எச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியபோது குடும்பத்துக்குள்ளேயே வழக்கு மூண்டு, 1999-இல்தான் ஓய்ந்தது. அலெக்சாந்தர் தெ லூர்-சலூஸ் 2004 வரை நிர்வகித்தார். அவருக்குப் பின் பியேர் லூர்த்தோன் பொறுப்பேற்றார்.

கேள்வி: உணவுத் தொழில்நுட்ப மாணவி நான். அவ்வளவு சர்க்கரையும் ஏன் ஆல்கஹாலாக மாறிவிடுவதில்லை?

பதில்: ஈஸ்ட்டுக்குத் தெம்பு போதாது. செறிந்த சர்க்கரையே அதற்குச் சுமை. பூஞ்சை விட்டுச்செல்லும் பொருள்களும் அதை அடக்குகின்றன. ஆல்கஹால் 13, 14 சதவீதத்தை எட்டும்போது நொதித்தல் தளர்ந்து நிற்கிறது. பிறகு கந்தக டை ஆக்சைடு சேர்த்து அதை உறுதிப்படுத்துவார்கள். லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை சர்க்கரை மிஞ்சும். உங்களுக்குச் சுவையான இன்னொரு செய்தி: சாதாரணத் திராட்சையில் முதல் பிழிவே சிறந்தது, இங்கே கடைசிப் பிழிவில்தான் சர்க்கரை அதிகம். ஒவ்வொரு நாள் சாறும் தனித்தனியாகப் புது ஓக் பீப்பாயில் நொதிக்கிறது. பின்னர் சுவைத்துப் பார்த்துத்தான் எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: இகெமில் இனிப்பில்லாத ஒயின் உண்டா?

பதில்: உண்டு. ஈக்ரெக் என்ற பெயரில் 1959 முதல் வருகிறது.

கேள்வி: 1811-ஆம் ஆண்டு பாட்டில் ஒன்று 2011-இல் 75,000 பவுண்டுக்கு விற்றதாமே. 2012 பாட்டிலை மட்டும் எங்கும் காணவில்லையே, ஏன்?

பதில்: 75,000 பவுண்டு விலை உண்மைதான். 2012-இல் இகெம் தயாரிக்கப்படவே இல்லை. பழம் பதமாக வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அறுவடை செய்து பார்த்த பிறகு, இகெம் என்ற பெயரில் இதை விற்பதில்லை என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992 ஆகிய ஆண்டுகளுக்கும் இதே கதிதான். தேறாத பீப்பாய்கள் பெயரின்றி வியாபாரிகளுக்குப் போய்விடும். ஆகவே 2012 இகெம் என்று யாரேனும் விற்க வந்தால், பணத்தை எடுத்துவிடாதீர்கள்.