டிரஸ்ஸர் ஐயா பதில்கள்: சிரிக்கும் டாக்டர்கள்

வாசகி, சுங்கை சிப்புட்: என் மகன் 'மேஷ்' என்ற பழைய அமெரிக்கத் தொடரை விடிய விடியப் பார்க்கிறான். கொரியப் போரில் அடிபட்டு வருகிறவர்களை மேசையில் கிடத்திவிட்டு டாக்டர்கள் கேலி பேசுகிறார்கள். இது அடுக்குமா ஐயா?

அடுக்கும் அம்மா. ஒரு நாள் நீங்களும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் அடிபட்டவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மேலதிகாரியை, படிவங்களை, வாயில் வைக்க முடியாத சாப்பாட்டை, தங்களை அங்கே கொண்டுபோய்ப் போட்ட போரைத்தான் கிண்டல் செய்கிறார்கள். தொடரில் பின்னணிச் சிரிப்பொலி வேண்டும் என்று சிபிஎஸ் தொலைக்காட்சி பிடிவாதம் பிடித்தது. எடுத்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஆனால் ஆபரேஷன் அறைக்குள் மட்டும் அது கூடாது என்று நின்றுவிட்டார்கள். எனக்கு அந்த ஒரு முடிவுக்காகவே அவர்கள்மேல் தனி மரியாதை.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது காயத்துக்கு மருந்து போடுகிற உதவியாளராக இருந்தவன். செம்பனை முள் உள்ளங்கையில் ஒடிந்து நிற்க, விரலை இறுக்கி மடக்கிக்கொண்டு வருவார்கள். "நேற்று பேராக் எத்தனை கோல் போட்டது?" என்று பேச்சுக் கொடுப்பேன். பதில் சொல்லும்போது கை தளரும், முள்ளைப் பிடித்து இழுத்துவிடுவேன். வலிக்கிற இடத்தில் பேச்சும் ஒரு மருந்துதான்.

மூன்றாம் சீசனின் கடைசி அத்தியாயத்தை (1975) தவறவிடாதீர்கள். அந்த ராணுவ ஆஸ்பத்திரியின் தலைவர் கர்னல் ஹென்றி பிளேக்குக்கு ராணுவத்திலிருந்து விடுதலை கிடைக்கிறது, ஊருக்குக் கிளம்புகிறார். டாக்டர்கள் அறுவை செய்துகொண்டிருக்கும்போது எழுத்தர் ரேடார் முகமூடிகூடப் போடாமல் உள்ளே வந்து தந்தியைப் படிக்கிறான்: பிளேக் போன விமானம் ஜப்பான் கடல்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. எங்கோ ஒரு கருவி கீழே விழுகிற சத்தம். யாரும் மேசையை விட்டு நகரவில்லை, தையல் தொடர்கிறது. நடிகர்களுக்கே இந்தக் காட்சியைக் கடைசி நேரத்தில்தான் சொன்னார்களாம்.

வாசகர், பீடோர்: மூன்று வருஷப் போரை வைத்து 11 சீசனா?

ஆமாம், 1972 முதல் 1983 வரை. தொடங்கியபோது அமெரிக்கப் பிள்ளைகள் வியட்நாமில் செத்துக்கொண்டிருந்தார்கள். கொரியா என்று சொன்னாலும் வீட்டில் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. 1983 பிப்ரவரி 28-ல் வந்த கடைசி அத்தியாயத்தை 100 மில்லியன் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

வாசகர், கோல சிலாங்கூர்: கொரியச் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ரப்பர்! 1950-ல் போர் மூண்டதும் அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவிக்க, விலை கிடுகிடுவென்று ஏறியது. அதே நேரம் இங்கே அவசரகாலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு ஆங்கிலேய அரசு மோதிய காலம். சுங்கை சிப்புட்டில் 1948 ஜூனில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும் அந்த அரசு அதை அறிவித்தது. பால்மரம் வெட்டியவர்கள் அந்த விலையையும் பார்த்தார்கள், முள்வேலியையும் பார்த்தார்கள். உங்கள் தாமானில் தொண்ணூறை எட்டிய பாட்டி, தாத்தா யாராவது இருந்தால், அன்றைய சம்பளம் என்ன, அரிசி எப்படிக் கிடைத்தது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறேன்.