ஏரியின் அடியில் ஏழு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எழுதிய அமெரிக்கப் பயணக் கட்டுரையில், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்த ஏழு மணி நேரமே அந்தப் பயணத்தில் நிறைவான பொழுது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. விமான நிலையம் எங்கும் ஒன்றுதானே? கண்ணாடிச் சுவர், வாசனைத் திரவியக் கடை, யானை விலையில் காப்பி. வரும் ஜூனில் நானும் மனைவியும் பாஸ்டனில் இருக்கும் மகனிடம் போகிறோம். அதே விமான நிலையத்தில் எங்களுக்கும் ஆறு மணி நேரக் காத்திருப்பு. மனைவிக்கு முழங்கால் வலி வேறு. அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?

கே.ஆர்., ஜெயநகர், பெங்களூர்

அன்புள்ள கே.ஆர்.,

உங்கள் சந்தேகம் நியாயமானதே. நானும் அந்த ஏழு மணி நேரத்தைத் தண்டனையாக எண்ணியே புறப்பட்டேன். டிக்கெட் விலை குறைவு என்று மகள் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கான ஷெங்கன் விசா இல்லாததால் வெளியே கால்வைக்க முடியாது. கைப்பையில் ஒரு டப்பா புளியோதரையும், மனத்தில் நிறைய எரிச்சலும் இருந்தன.

2019 டிசம்பர், இன்னும் விடியாத காலை. விமானம் தரையைத் தொட்ட பிறகும் கால் மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. 2003இல் திறக்கப்பட்ட அந்த ஓடுபாதை முனையத்திலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால், எங்கள் விமானம் ஒரு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அடியில் நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு விரைந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த டச்சு முதியவர் என் வியப்பைக் கவனித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு காலத்தில் ஏரி, நாம் அதன் அடியில் போய்க்கொண்டிருக்கிறோம்" என்றார். எனக்குத் தூக்கம் கலைந்தது அப்போதுதான்.

அவர் சொன்னது உண்மை. ஸ்கிபோல் என்ற அந்த ஆம்ஸ்டர்டாம் விமான நிலையம் இருக்கும் இடம் முன்பு ஹார்லெம் ஏரி. சுமார் 180 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரி, ஒவ்வொரு புயலிலும் கரையை அரித்து ஊர்களை விழுங்கிப் பெருத்துக்கொண்டே போனது. டச்சுக்காரர்கள் அதை நீர் ஓநாய் என்றே அழைத்தார்கள். 1836இல் அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களில் தண்ணீர் ஒரு முறை ஆம்ஸ்டர்டாமின் வாசலுக்கும், மறுமுறை லைடன் நகரத்துக்கும் வந்துவிட்ட பிறகுதான், இனிப் பொறுப்பதில்லை என்று ஏரியையே இறைத்துவிட முடிவெடுத்தார்கள். சுற்றிலும் கரை கட்டி, கால்வாய் வெட்டி, மூன்று நீராவி இறைப்பு நிலையங்களை அமைத்து, 1849 முதல் 1852 வரை இறைத்துத் தீர்த்தார்கள். அவற்றில் ஒன்றில் இருந்த நீராவி எந்திரத்தின் சிலிண்டர் 144 அங்குல விட்டம் கொண்டது. நம் வீட்டு அறை ஒன்றின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கிடைத்த ஈர நிலத்தில் 1916இல் ஒரு ராணுவ விமானத் தளம் தொடங்கி, அதுவே இன்றைய விமான நிலையமாக வளர்ந்தது. கடல்மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே இருப்பதால் இன்றைக்கும் இறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அல்சூர் ஏரிக்கரையில் வளர்ந்த எனக்கு இது வெறும் தகவலாக இருக்கவில்லை. நம் பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரியில். கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியில். நாற்பது வருடமாக மெஜஸ்டிக்கில் பஸ் பிடித்திருக்கிறேன், ஒரு நாளும் ஏரிக்குள் நிற்கிறோம் என்று நினைத்ததில்லை. அங்கே ஏரி ஊரைத் தின்றது, இங்கே ஊர் ஏரியைத் தின்றது என்று யோசித்தபடியே விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவரருகே உட்கார்ந்து, வெளுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்துப் புளியோதரையைச் சாப்பிட்டேன். அதன் பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்த நினைவில்லை.

பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டாமலே போகக்கூடிய பகுதியில், ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கலை அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்தின் சிறிய கிளை ஒன்று இருந்தது. கட்டணம் இல்லை. ஒரு நிலக்காட்சி ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றேன். முக்கால் பங்கு வானம், அடியில் கோடு போல நிலம். சற்று முன் கண்ணாடிச் சுவர் வழியே பார்த்ததும் அதுவேதான். அருகிலேயே 2010இல் தொடங்கிய விமான நிலைய நூலகம். டச்சு எழுத்தாளர்களின் நூல்கள் பல மொழிகளில் அங்கே இருந்தன. தமிழைத் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. இருந்தாலும் கடைக்காரர் யாரும் வந்து விசாரிக்காத ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிது.

உங்கள் மனைவிக்காகச் சில வார்த்தைகள். அங்கே நடை மிக அதிகம். ஆகையால் வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது இரண்டு நாள் முன்பாவது, சொல்லிவிடுங்கள். ஆனால் தள்ளிக்கொண்டு வருபவர்கள் காத்திருப்போர் பகுதியில் விட்டுவிட்டுப் போய்விடுவது உண்டு. அருங்காட்சியகத்துக்கும் போகவேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கிளை திறந்திருக்கிறதா என்பதையும் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா போகும் விமானங்களுக்கு விமானம் ஏறும் வாயிலிலேயே தனியாகக் கேள்வி கேட்பார்கள் என்பதால், ஒன்றரை மணி நேரம் முன்பாக அங்கே போய்விடுவது நல்லது.

ஜூனில் அங்கே சீக்கிரமே விடிந்துவிடும், எனக்குக் கிடைத்த இருட்டு உங்களுக்குக் கிடைக்காது. ஜன்னல் இருக்கையை மனைவிக்குக் கொடுங்கள்; இறங்கிய பிறகும் விமானம் நெடுநேரம் ஓடினால் கீழே பார்க்கச் சொல்லுங்கள், லாரிகள் போகும்.

அன்புடன்