ஒன்பது மணிக்கு ஊசிப்போகும் சட்னி

கேள்வி: மதுரையில் மாலை 6 முதல் 10 மணி வரை தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்துகிறேன். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி 9 மணிக்குள் ஊசிப்போகிறது. சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளர், சாப்பிட்டபின் வாந்தி வந்ததாகச் சொன்னார். வண்டியில் குளிர்சாதனப் பெட்டி வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் இட்லி மீது எனக்குச் சந்தேகமில்லை. ஆவியில் வெந்து சூடாகத் தட்டுக்கு வருவது அது. சட்னியில் சேரும் தேங்காயும் தண்ணீரும் அடுப்பையே பார்ப்பதில்லை. மேலே கொட்டும் தாளிப்பு மணத்துக்குத்தான், கிருமியைக் கொல்லாது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் கிருமிகள் பெருகும். வாகான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா, 3 மணி நேரத்தில் ஒன்றுக்கு ஐந்நூறாகிவிடும்.

வாடை வந்தபின் கொட்டிவிடலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். கைத்தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உணவில் விடும் நச்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

மீன் வியாபாரிகள் வைத்திருப்பது போன்ற ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் உங்களுக்குப் போதும். கொதித்து ஆறிய நீர் விட்டுச் சட்னியை அரைத்து, மூடியுள்ள இரண்டு மூன்று சிறிய தூக்குகளில் ஊற்றி ஐஸுக்குள் புதைத்து வையுங்கள். ஐஸ் சட்னிக்குள் விழக்கூடாது. ஒரு தூக்கு தீர்ந்தபின் அடுத்ததைத் திறவுங்கள், கரண்டியையும் மாற்றுங்கள். மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றுவதுதான் பெரும்பாலான கடைகளில் நடக்கும் தவறு. வெளியே எடுத்து 2 மணி நேரமான சட்னியை, மனம் வலித்தாலும், கொட்டிவிடுங்கள். மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் பழைய தேங்காய் ஒட்டியிருக்கும். வளையத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசுங்கள்.

சித்திரை, வைகாசியில் தேங்காயை விட்டுவிட்டு, நன்றாக வதக்கி அரைத்த தக்காளிச் சட்னிக்கு மாறுவேன் நான். வெந்ததும் புளிப்பானதும் என்பதால் அது தாங்கும். சாம்பார் சிறு தீயில் ஆவி பறந்தபடியே இருக்கட்டும்.

அண்மையில் ஒரு வண்டியருகே நின்று கவனித்தேன். சட்னிக் கரண்டி பிடி வரை உள்ளே மூழ்கிவிட்டது. கடைக்காரர் ரூபாய் நோட்டு வாங்கிய விரல்களாலேயே அதைத் துழாவி எடுத்துத் தோள் துண்டில் துடைத்தார். பிறகு பரிமாறத் தொடங்கினார். ஐஸ் இருந்தும் என்ன பயன்? காசுக்கு ஒரு டப்பா வைத்து, வருகிறவர்களே போட்டு மீதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழாய் வைத்த தண்ணீர்க் கேனும் சோப்பும் வண்டியிலேயே இருக்கட்டும்.

தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை உண்டு. வாழையிலை போடுங்கள். பார்சலைச் செய்தித்தாளில் மடிப்பதையும் விதிகள் அனுமதிப்பதில்லை, அச்சு மை உணவில் இறங்கும்.

அந்த வாடிக்கையாளரைப் பார்த்தால், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது என்று கேளுங்கள். சில மணி நேரத்துக்குள் என்றால் நான் சொன்ன நச்சாக இருக்கலாம். அப்போது சட்னி அரைப்பவர் கையைப் பாருங்கள். விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கொப்புளமோ இருந்தால், அது ஆறும்வரை அவர் உணவைத் தொட வேண்டாம்.