இரண்டாவது பிரதி நீங்கவில்லை என்றால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோழியின் டிடி40 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் பி-லிம்போசைட் செல்வரிசை) டி.என்.ஏ. பழுதுநீக்கும் மரபணு ஒன்றை நீக்கப் பார்க்கிறேன். பியூரோமைசின் வெக்டரைக் (மரபணுவின் இடத்தில் அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவைப் புகுத்தும் டி.என்.ஏ.) கொண்டு அதன் இரு பிரதிகளில் முதல் பிரதியை எளிதாக நீக்கிவிட்டேன். இரண்டாவதற்குப் பிளாஸ்டிசிடின் வெக்டர். மருந்தைத் தாங்கும் குளோன்கள் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள்) ஏராளமாக வருகின்றன. ஆனால் எல்லாவற்றிலும் இயல்பான பிரதி அப்படியே இருக்கிறது. இந்த மரபணு இல்லாமல் செல் பிழைக்காது என்று எழுதிவிடலாமா?

ஆய்வு மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

இப்போதே எழுத வேண்டாம். அந்த முடிவுக்கு வரத் தேவையான சான்று உங்கள் தட்டுகளிலேயே இருக்கக்கூடும்.

இரண்டு வெக்டர்களின் கைகளும் (மரபணுவோடு பொருந்தும் இருபுறத் துண்டுகள்) ஒரே வரிசை என்றால், இரண்டாவது வெக்டர் மூன்றில் ஓரிடத்துக்குப் போகும்: இயல்பான பிரதி, பியூரோமைசின் கேசட் (மருந்தைத் தாங்கும் மரபணுத் துண்டு) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பிரதி, அல்லது ஜீனோமில் சம்பந்தமில்லாத ஏதோ ஓரிடம். நடுவில் சொன்னது நடந்தால் பழைய கேசட் வெளியே போய்விடும். அந்தக் குளோன் பியூரோமைசினில் சாகும்.

பலர் இரண்டு மருந்தையும் சேர்த்தே ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் இந்தக் குளோன்கள் கண்ணில் படாமலே அழிந்துவிடும். பிளாஸ்டிசிடினில் மட்டும் (மில்லிலிட்டருக்கு 20–30 மைக்ரோகிராம்) தேர்ந்தெடுங்கள். 7–10 நாளில் குளோன்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் பியூரோமைசின் உள்ள தனிக் குழியில் விடுங்கள். மூலக் குழியைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரே குழியில் இரண்டு குளோன் கலந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

சாகும் குளோன்களைச் சதர்ன் பிளாட்டில் (டி.என்.ஏ. துண்டுகளை அடையாளம் காணும் சோதனை) உறுதிசெய்யுங்கள். புரோப் (அதில் தேடப் பயன்படும் டி.என்.ஏ. துண்டு) வெக்டரின் கைகளுக்கு வெளியே இருக்க வேண்டும். இப்படி 8 குளோன் கிடைத்து, இரு பிரதியும் நீங்கியது ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரதிக்கும் சம வாய்ப்பு என்றால், எட்டும் பழைய கேசட்டின் பக்கமே விழுவது 256-இல் 1. அப்போது உங்கள் சந்தேகத்துக்கு வலு வருகிறது.

சாகும் குளோனே இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் வெக்டரில்தான். கைகளை டிடி40-இன் சொந்த ஜீனோமிலிருந்து பெருக்கினீர்களா? பிளாஸ்மிடைக் கைகளுக்கு வெளியே வெட்டி நேராக்கினீர்களா? மரபணு 2-ஆம் குரோமோசோமில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிடி40-இல் அது மூன்று பிரதி. அங்கே இரண்டை நீக்கியும் ஒன்று மிஞ்சும்!

எப்படியானாலும், 'கிடைக்கவில்லை' என்பது மட்டும் நிரூபணம் ஆகாது. ரேட்51 என்ற டி.என்.ஏ. பழுதுநீக்கும் மரபணுவுக்கு 1998-இல் ஜப்பானியக் குழு காட்டிய வழிதான் சரி. மனித ரேட்51-ஐ டெட்ராசைக்ளினால் அணையும் புரமோட்டரின் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) கீழ் நுழைத்தார்கள். அதன் துணையோடு கோழியின் இரு பிரதிகளும் இல்லாத செல்களை உருவாக்கினார்கள். மருந்து சேர்த்ததும் குரோமோசோம்கள் உடைந்து, செல்கள் ஜி2/எம் கட்டத்தில் (செல் பிரியத் தயாராகிப் பிரியும் நேரம்) தேங்கி மடிந்தன. மரபணு இல்லாததால்தான் செத்தன என்று அதற்குப் பிறகு தயங்காமல் சொல்ல முடிந்தது.

நீங்கள் செய்யும்போது ஒன்று: மருந்து சேர்த்த மறுநாளே செல்கள் சாகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புரமோட்டர் அணைந்தாலும் பழைய புரதம் மிச்சமிருக்கும். தினமும் ஒரு மாதிரி எடுத்து, செல் எண்ணிக்கையையும் வெஸ்டர்ன் பிளாட்டையும் (புரதத்தின் அளவைக் காட்டும் சோதனை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.